புகைத்தடைச் சட்டமும் பொதுமக்கள் மனப்பான்மையும்

சட்டம் முந்துவதா, மக்கள் மனம் முந்துவதா என்னும் வினா அரசியல் நூலாரும் அறநூலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒன்றாகும். மக்கள் மனம் பக்குவமடையுமுன் இயற்றப்படும் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாய் முடியும் என்பர் ஒரு சாரார். மனம் பக்குவமடையும்வரை காத்திருப்பின் எந்தச் சீர்திருத்தமும் கைகூடாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல்லொன்று நம் காலத்திற் கிடைத்துள்ளது. அடைபட்ட பொதுவிடங்களிற் புகைத்தலைத் தடுக்கும் சட்டங்களே அவ்வுரைகல். கடந்த சில பத்தாண்டுகளுள் உலகின் பல நாடுகள் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன. இயற்றுமுன்னும் இயற்றியபின்னும் மக்கள் கொண்டிருந்த எண்ணங்கள் முறையாக அளந்தறியப்பட்டுமுள்ளன. அவற்றுள் சிறப்பாக அயர்லாந்து நாட்டின் அனுபவத்தை எடுத்து ஆராய்ந்து, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளத் தக்கன எவை என நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் எல்லை

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். இச்சட்டம் புகைத்தலைக் குற்றமாக்குவதன்று. வயதுவந்த ஒருவர் தம் இல்லத்திலோ திறந்த வெளியிலோ புகைப்பதை இது தடுப்பதில்லை. கூரையாலும் சுவராலும் அடைபட்டு, பலரும் கூடுதற்கும் பணிபுரிதற்கும் உரியனவாயுள்ள இடங்களிற் புகைத்தலையே இது விலக்குகின்றது. 'புகையாதே' என்பதன்று இதன் கட்டளை. 'இங்கே புகையாதே' என்பதே இதன் கட்டளை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமையாலேயே இப்பொருள்பற்றிய விவாதங்கள் பல திசைமாறிப் போகின்றன.

புகைத்தலையே முற்றாக ஒழிக்க முனைந்த ஆட்சிகளும் வரலாற்றில் உண்டு. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1604ஆம் ஆண்டிற் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதியதோடு அமையாது, அதன்மீதிருந்த தீர்வையையும் பன்மடங்கு உயர்த்தினான். அதே நூற்றாண்டில் துருக்கிச் சுல்தான் நான்காம் முராத் புகைப்போருக்கு மரணதண்டனை விதித்தான். இருவர் முயற்சியும் பயன்றரவில்லை. புகையிலை இரு நாடுகளிலும் வேரூன்றியது. நம் காலத்தில் பூட்டான் நாடு 2004ஆம் ஆண்டிற் புகையிலை விற்பனையையே தடைசெய்தது. கள்ளச்சந்தை தழைத்தமையால் 2021ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. ஒருவன் தனக்குத்தானே இழைத்துக்கொள்ளும் தீங்கை ஆணையால் மட்டும் தடுத்தல் அரிது என்பதை இவை காட்டுகின்றன. ஆயின் ஒருவன் பிறருக்கு இழைக்கும் தீங்கைத் தடுத்தல் வேறு விடயம். அடைபட்ட இடங்களுக்கான தடை இவ்விரண்டாவது வகையைச் சார்ந்தது.

மனப்பான்மை மாறிய வரலாறு

பிறர் விடும் புகையை மக்கள் எவ்வாறு கருதினர் என்பதிற் காலந்தோறும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நாகரிகம் பற்றிய விடயமாகவே இருந்தது. பிரித்தானியாவின் புகைவண்டிகளில், புகைத்தல் தொடக்கத்திற் பொதுவாக விலக்கப்பட்டிருந்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டமே புகைப்போருக்கெனத் தனிப்பெட்டிகளை ஒதுக்குமாறு புகைவண்டிக் கம்பனிகளைப் பணித்தது. அக்காலத்திற் புகைத்தல் விதிவிலக்காகவும் புகையாமை விதியாகவும் இருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டு உலகப் போர்களும் இந்நிலையைத் தலைகீழாக்கின. இயந்திரத்தாற் செய்யப்பட்ட சிகரற் மலிந்தது. போர்வீரர்களுக்கு உணவோடு அதுவும் வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திற் பிரித்தானிய ஆண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் ஏதேனும் ஒரு வடிவிற் புகையிலையைப் புகைத்தனர். அலுவலகத்திலும், படமாளிகையிலும், பஸ்வண்டியின் மேற்றட்டிலும், வைத்தியசாலை அறையிலுங்கூடப் புகை நிறைந்திருந்தது. புகையாதவரே ஒதுங்கி நிற்கவேண்டியவராயினர். புகையாதோருக்கெனத் தனியிடம் கோருதல் அக்காலத்தில் மிகையான கோரிக்கையாகக் கருதப்பட்டது.

இந்நிலையை மாற்றியது மருத்துவ அறிவு. 1950ஆம் ஆண்டில் றிச்சாட் டோல், ஒஸ்ரின் பிரட்போட் ஹில் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். 1964ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதனை உறுதிசெய்தது. இவை புகைப்பவருக்கு நேரும் கேட்டைப் பற்றியன. புகையாது அருகிலிருப்பவரின் நிலை யாது? இவ்வினாவுக்கு 1981ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிராயமா விடையளித்தார். புகையாத மனைவியர் 91,540 பேரை அவர் 14 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கணவன் மிகுதியாகப் புகைக்குந்தோறும் மனைவிக்கு நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் அபாயம் மிகுவதை அவ்வாராய்ச்சி காட்டிற்று. 'என் உடல், என் விருப்பம்' என்னும் வாதத்தின் அடித்தளம் அன்றே அசைந்துவிட்டது எனலாம்.

பிறர்புகையின் தன்மை

எரியும் சிகரற்றிலிருந்து இருவகைப் புகை எழுகின்றது. ஒன்று புகைப்பவர் உள்ளிழுத்து வெளிவிடுவது. மற்றையது இரு இழுப்புகளுக்கு இடையில் எரிநுனியிலிருந்து தானே எழுவது. ஓர் அறையில் நிறையும் புகையிற் பெரும்பகுதி இரண்டாவது வகையினதே. காற்று இழுக்கப்படாத நேரத்தில் எரிநுனி குறைந்த வெப்பத்தில் எரிவதால் எரிதல் முற்றுப்பெறுவதில்லை. அதனால் இப்புகையில் நச்சுப்பொருள்கள் பல கூடிய செறிவில் உள்ளன. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன என்றும், அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிப்பன என்றும் அறியப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, தாம் புகையாதவராயிருந்தும் பிறர்புகையால் ஆண்டுதோறும் இறப்பவர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோராவர். குழந்தைகளுக்கு ஈளைநோயும் சுவாசப்பை நோய்களும், வளர்ந்தோருக்கு இருதயநோயும் இதனால் நேர்கின்றன.

புகைப்போருக்கு ஒரு மூலையும் புகையாதோருக்கு மற்றொரு மூலையும் ஒதுக்கினாற் போதாதா என வினவுவோர் உளர். ஒரே காற்று இரு மூலைக்கும் பொதுவாயிருக்கும்வரை அப்பிரிவினை கண்ணுக்கேயன்றி மூச்சுக்கு அன்று. காற்றோட்ட யந்திரங்கள் மணத்தைக் குறைப்பினும் நஞ்சை முற்றாக நீக்குவதில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1986ஆம் ஆண்டு அறிக்கையும் 2006ஆம் ஆண்டு அறிக்கையும் இதனைத் தெளிவுறுத்தின. தீங்கற்ற அளவு என ஓர் அளவு பிறர்புகைக்கு இல்லை என்பதே பின்னைய அறிக்கையின் முடிவு.

அயர்லாந்தின் அனுபவம்

இவ்வறிவு பரவிய பின்னர் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் 1995ஆம் ஆண்டில் உணவகங்களிலும் பணியிடங்கள் பலவற்றிலும், 1998ஆம் ஆண்டில் மதுச்சாலைகளிலும் புகைத்தலை விலக்கிற்று. நியூயோர்க் நகரம் 2003ஆம் ஆண்டிற் பின்பற்றியது. ஆயின் நாடு முழுவதற்கும் பொருந்தும் முழுமையான தடையை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய நாடு அயர்லாந்தே.

அயர்லாந்தில் இது நிகழ்ந்தமை வியப்புக்குரியது. அந்நாட்டு மதுச்சாலை நம் நாட்டுத் தவறணை போன்றதன்று. ஊரவர் கூடி உரையாடுமிடமும், இசையும் கதையும் நிகழுமிடமும், அரசியல் பேசுமிடமும் அதுவே. அங்கே ஒரு கையில் மதுக்கிண்ணமும் மறுகையிற் சிகரற்றும் பிரியாத இரட்டையராய் விளங்கின. இத்தகைய நாட்டில், 2003ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் சுகாதார அமைச்சர் மீஹோல் மாட்டின், பணியிடங்கள் அனைத்திலும் புகைத்தல் தடைசெய்யப்படும் என அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. மதுச்சாலை உரிமையாளர் சங்கங்கள் முன்னணியில் நின்றன. வணிகம் அழியும் என்றனர்; வேலைகள் போகும் என்றனர். தொன்றுதொட்டு அதிகாரத்துக்குப் பணியாத மக்கள் இச்சட்டத்தையும் மதியார் என்றனர். ஊர்தோறும் உள்ள மதுச்சாலைகளை எத்தனை பரிசோதகர் சென்று காவல்செய்வர் என எள்ளினர்.

எதிர்ப்பை அரசு எதிர்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. புகைப்பவரைத் திருத்துவதற்காக இச்சட்டம் என அது கூறவில்லை. மதுச்சாலையிற் பணிபுரியும் ஊழியரைக் காப்பதற்காக என்றே கூறிற்று. வாடிக்கையாளர் விரும்பினால் வரலாம், விரும்பாவிடிற் போகலாம். ஆனால் நாள்தோறும் எட்டு மணிநேரம் அப்புகையில் நின்று கிண்ணம் நிரப்பும் ஊழியர் எங்கே போவார்? தொழிற்சாலையில் நச்சுவாயு கசியின் அதனைத் தடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. மதுச்சாலை ஊழியரின் நுரையீரல் மட்டும் வேறு நீதிக்கு உட்பட்டதோ? இவ்வாதத்தை மறுத்துரைப்பது எளிதாயிருக்கவில்லை. தொழிற்சங்கங்களும் மருத்துவரும் அரசின் பக்கம் நின்றனர்.

2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மீறுவோருக்கு 3,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமிருந்தது. சிறைச்சாலை, மனநோய் வைத்தியசாலை, முதியோர் பராமரிப்பு இல்லம், தங்குவிடுதி அறை போன்ற, மக்கள் உறையும் இடங்கள் சிலவற்றுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. எதிர்பார்க்கப்பட்ட கலகம் நிகழவில்லை. மக்கள் எழுந்து வாயிலுக்கு வெளியே சென்று புகைத்துவிட்டுத் திரும்பினர்.

எண்கள் கூறும் செய்தி

சட்டத்துக்குச் சற்று முன்னும், பின் ஓராண்டளவிலும் அயர்லாந்தின் புகைப்போரிடம் ஆராய்ச்சியாளர் வினாக்கள் தொடுத்தனர். கேட்கப்பட்டோர் அனைவரும் புகைப்போரே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மதுச்சாலைகளிற் பிறர் புகைப்பதைக் கண்டதாகச் சட்டத்துக்கு முன் கூறியோர் நூற்றுக்கு 98 பேர்; பின்னர் 5 பேர். உணவகங்களில் அது 85இலிருந்து 3 ஆகவும், பணியிடங்களில் 62இலிருந்து 14 ஆகவும் குறைந்தது. சட்டம் கைக்கொள்ளப்பட்டது என்பதற்கு இவை சான்றாகும்.

மனம் மாறியதா என்பதே நமது வினா. முழுத்தடையை ஆதரித்த புகைப்போர், பணியிடங்களைப் பொறுத்தவரை நூற்றுக்கு 43 பேராயிருந்து 67 பேராயினர். உணவகங்களைப் பொறுத்தவரை 45 பேர் 77 பேராயினர். மதுச்சாலைகளைப் பொறுத்தவரையில் 13 பேராயிருந்தோர் 46 பேராயினர். சட்டம் நல்லது அல்லது மிக நல்லது எனப் பொதுவாகக் கருதியோர் நூற்றுக்கு 83 பேர்.

மதுச்சாலையில் முழுத்தடையை ஆதரித்தோர் பாதிக்குங் குறைவாயிருக்க, சட்டத்தை நல்லது என்றோர் எண்பதின் மேற்பட்டமை முரண்போலத் தோன்றும். உண்மையில் இது முரணன்று. தமக்கு மிக விருப்பமான ஓரிடத்திற் சிறிது தளர்ச்சி இருந்திருக்கலாம் என எண்ணும் ஒருவர், சட்டத்தின் மொத்தப் பயனை ஏற்றுக்கொள்ளலாம். பொதுமக்கள் கருத்து 'ஆம்', 'இல்லை' என்னும் இரு சொற்களுள் அடங்குவதன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கருத்துக்கணிப்புகளை வாசிப்போர் எவ்வினாவுக்கு எவ்விடை என்று முதலில் நோக்குதல் வேண்டும்.

உடல்நலப் பயனும் அளக்கப்பட்டது. உடலினுட் சென்ற நிக்கொற்றீன் சிதைந்து கொற்றினீன் என்னும் பொருளாகின்றது. உமிழ்நீரில் அதனை அளந்தால் ஒருவர் எவ்வளவு புகையைச் சுவாசித்தார் என அறியலாம். அயர்லாந்துக் குடியரசின் புகையாத மதுச்சாலை ஊழியரிடத்து இப்பொருள் நூற்றுக்கு 80 வீதம் குறைந்தது. அக்காலத்திற் சட்டம் வாராத வட அயர்லாந்தில் அது 20 வீதமே குறைந்தது. டப்ளின் நகர மதுச்சாலைகளின் காற்றில் நுண்துகள்கள் 83 வீதம் குறைந்தன. இருதிறத்து ஊழியரும் ஒரே தீவில் ஒரே தொழில் செய்வோர். வேறுபாடு பெரும்பாலும் சட்டத்தின் வேறுபாடே.

மனம் மாறியது ஏன்?

இம்மாற்றத்துக்குரிய காரணங்கள் பல. முதலாவது, அறியாத ஒன்றைப் பற்றிய அச்சம் அனுபவத்தால் நீங்கியமை. மதுச்சாலை மூடப்படும், கூட்டம் குலையும் என்பன அச்சங்கள். புகையற்ற அறையிற் சில மாலைகளைக் கழித்தவருக்கு அவ்வச்சங்கள் பொருளற்றனவாயின. மறுநாட் காலையில் ஆடையிற் புகைநாற்றமின்மையே பலருக்குப் போதிய வாதமாயிற்று.

இரண்டாவது, ஒருவர் மனத்தை ஒருவர் அறியாதிருந்த நிலை அகன்றமை. புகையை வெறுத்த பலர், ஏனையோர் அதனை விரும்புகின்றனர் எனக் கருதி வாளாவிருந்தனர். அவ்வாறு வாளாவிருந்தவர் தொகை பெரிது என்பதைச் சட்டம் வெளிப்படுத்திற்று. அதற்கு முன் 'தயவுசெய்து அணையுங்கள்' எனக் கேட்பவர் சண்டைக்காரராகக் கருதப்பட்டார். சட்டத்தின் பின் அணைக்காதவரே அவ்வாறு கருதப்பட்டார். கேட்க வேண்டிய பாரத்தைத் தனிமனிதரின் தோளிலிருந்து இறக்கியமையே இச்சட்டத்தின் பேருதவி எனலாம்.

மூன்றாவது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றாயிருந்தமை. ஒரு மதுச்சாலை மட்டும் தானே தடைசெய்யின், வாடிக்கையாளர் அடுத்ததற்குச் செல்வர். அனைத்தும் ஒருங்கே தடைசெய்யப்படின் எவருக்கும் தனியே இழப்பில்லை. நான்காவது, புகைப்போர் பலர் தாமே விடவிரும்பியிருந்தமை. சட்டத்தின் காரணமாகத் தமக்குப் புகைத்தலை விடும் எண்ணம் மிகுந்தது என அந்நாட்டுப் புகைப்போருள் நூற்றுக்கு 46 பேர் கூறினர். தம்மைக் கட்டுப்படுத்த இயலாதவருக்குப் புறத்திலிருந்து வந்த கட்டுப்பாடு சுமையாகவன்றித் துணையாகவே தோன்றிற்று.

இதனாற் காவற்படை சிறிதாயினும் சட்டம் நிலைத்தது. பரிசோதகர் இல்லாத வேளையிலும் பக்கத்திலிருப்பவரின் பார்வை இருந்தது. தண்டத்துக்கு அஞ்சிக் கைக்கொள்ளப்படும் சட்டத்தினும், அயலாருக்கு நாணிக் கைக்கொள்ளப்படும் சட்டமே நெடிது வாழும்.

முழுத்தடையும் அரைத்தடையும்

பிற நாடுகளின் அனுபவம் இம்முடிவை வலியுறுத்துகின்றது. ஸ்கொத்லாந்து 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முழுத்தடை விதித்தது. சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒன்பது வைத்தியசாலைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சியில், கடும் இருதயநோயால் அனுமதிக்கப்பட்டோர் தொகை 17 வீதம் குறைந்தது. அப்போது தடையற்றிருந்த இங்கிலாந்திற் குறைவு 4 வீதமே. வெளியே தடுக்கப்பட்டோர் வீட்டினுள் மிகுதியாகப் புகைப்பர், குழந்தைகள் துன்புறுவர் என்னும் அச்சமும் பொய்த்தது. ஆரம்பப் பள்ளியின் இறுதி வகுப்புப் பிள்ளைகளின் உமிழ்நீரிற் கொற்றினீன் 39 வீதம் குறைந்தது. வெளியிற் பழகிய ஒழுக்கம் வீட்டினுள்ளும் புகுந்தது போலும்.

இங்கிலாந்தில் ஆளுங்கட்சி, உணவு பரிமாறாத மதுச்சாலைகளுக்கு விலக்களிக்க 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் முன்மொழிந்திருந்தது. அவ்வாறாயின் வறியோர் கூடும் மதுச்சாலைகளே புகைநிறைந்தனவாக எஞ்சும் எனப் பலர் சுட்டிக்காட்டினர். 2006ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் பாராளுமன்ற உறுப்பினர் கட்சிக்கட்டுப்பாடின்றி வாக்களித்தபோது 384 பேர் முழுத்தடைக்கு ஆதரவாகவும் 184 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அது 2007ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஜேர்மனியில் மாநிலந்தோறும் வெவ்வேறு விலக்குகள் இடம்பெற்றன. தனியறை ஒதுக்க வசதியற்ற சிறு மதுச்சாலைகளுக்கு இது அநீதியென, 2008ஆம் ஆண்டு யூலை மாதம் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுத்தடை விதிப்பின் அது செல்லும் எனவும் அந்நீதிமன்றம் கூறிற்று. பவேரியா மாநிலம் முதலிற் கடுந்தடை விதித்துப் பின் 2009ஆம் ஆண்டில் அதனைத் தளர்த்தியது. தளர்ச்சியை ஏற்காத குடிமக்களே மனுக்கொடுத்து மக்கள் வாக்கெடுப்பை ஏற்படுத்தினர். 2010ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் வாக்களித்தோருள் நூற்றுக்கு 61 பேர் கடுந்தடையை மீண்டும் வேண்டினர். ஒஸ்திரியாவில், 2018ஆம் ஆண்டு வரவிருந்த தடையை அரசு கைவிட்டபோது, 8 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதற்கெதிரான மனுவிற் கையொப்பமிட்டனர். ஈற்றில் 2019ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் தடை வந்தது. இவ்விரு இடங்களிலும் மக்கள் முந்தினர், ஆட்சியாளர் பிந்தினர்.

சுதந்திரம் என்னும் வாதம்

தடையை எதிர்ப்போரின் வாதங்களுள் மதிக்கத்தக்கது சுதந்திரம் பற்றியதே. ஜோன் ஸ்ருவாட் மில் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேராமற் காத்தற்பொருட்டே ஒருவரது செயலிற் சமூகம் தலையிடலாம் என்னும் விதியை நிறுவினார். அவருடைய சொந்த நன்மை மட்டும் தலையீட்டுக்குப் போதிய காரணமாகாது என்பது அவர் கருத்து. இவ்விதியைத் தடைக்கு எதிராக எடுத்துக்காட்டுவோர், அதன் முற்பகுதியை மறந்துவிடுகின்றனர். அடைபட்ட அறையில் ஒருவர் விடும் மூச்சு மற்றவர் உள்ளிழுக்கும் மூச்சாகின்றது. அங்கே தீங்கு புகைப்பவரோடு நில்லாமையால், மில்லின் விதியே தடைக்கு ஆதாரமாகின்றது.

ஆயின் அதே விதி தடைக்கு ஓர் எல்லையையும் வகுக்கின்றது. ஆளற்ற கடற்கரையிலும் அகன்ற வெளியிலும் புகைத்தலைத் தடுக்க விழைவோர், பிறர்க்குத் தீங்கு என்னும் காரணத்தை அங்கே எளிதிற் காட்ட இயலாது. அதற்கு வேறு காரணங்கள் கூறப்படலாம். அவை வேறாக ஆராயப்பட வேண்டியன. நல்ல சட்டத்தின் வலிமை அதன் காரணத்தின் தெளிவில் உள்ளது. காரணத்தைத் தாண்டி நீளும் சட்டம் தான் ஈட்டிய நல்லெண்ணத்தை இழக்க நேரிடும்.

நம் நாட்டின் நிலை

புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை இலங்கை 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏற்றுறுதி செய்தது. அதன்வழி 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அடைபட்ட பொதுவிடங்களிற் புகைத்தலையும், புகைக்க இடங்கொடுத்தலையும் அது தடைசெய்கின்றது. விளம்பரத்தை விலக்கி, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்றலையும் தடுக்கின்றது. எனினும் 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளும், 30 பேருக்குக் குறையாது அமரக்கூடிய உணவகங்களும், விமானநிலையமும் புகைத்தற்கெனத் தனியிடம் ஒதுக்க அது இடமளித்தது. ஜேர்மனியின் அனுபவத்தை நோக்குவோர், இவ்விலக்குகளின் நியாயத்தை மீளாய்தல் தகும் என்பர். அயலிலுள்ள கேரள மாநில உயர்நீதிமன்றம் 1999ஆம் ஆண்டிலேயே பொதுவிடப் புகைத்தல் உயிர்வாழும் உரிமைக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தமையும், 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் முதல் இந்தியா முழுவதற்கும் புதிய விதிகள் வந்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கன.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இப்பொருளில் வேறொரு தொடர்பும் உண்டு. புகையிலை நமது செம்மண்ணின் பழைய பணப்பயிர். ஒல்லாந்தர் காலத்திலேயே அது திருவிதாங்கூருக்குச் சென்றது. தென்னிலங்கைப் பட்டினங்களில் நம்மவர் நடத்திய சுருட்டுக்கடைகள் பல குடும்பங்களைக் காத்தன. பல பிள்ளைகளின் கல்விக்கும் அவ்வருவாய் உதவிற்று. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. அடைபட்ட இடங்களுக்கான தடை பயிரையோ விற்பனையையோ தடுப்பதன்று. ஆயினும் காலப்போக்கிற் புகைப்போர் குறையின் பயிரும் குறையும். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை உயர்ந்தபோது, நமது கமக்காரர் மிளகாயையும் வெங்காயத்தையும் நாடி வளம்பெற்றனர். தக்க விலை கிடைப்பின் அவர் பயிர்மாற்றத் தயங்குவதில்லை என்பதற்கு அது சான்று. உடல்நலம் வேண்டும் அரசு, கமக்காரரின் மாற்றுவழிக்கும் பொறுப்பேற்றல் நீதியாகும்.

நம் சமூகத்தில் இத்தடைக்குத் துணையாகக்கூடிய பண்பொன்று ஏற்கெனவே உள்ளது. பெரியோர் முன்னிலையிற் புகையாமை நமது வழக்கம். தந்தையோ ஆசிரியரோ வரக்கண்டால் இளைஞன் சிகரற்றை மறைப்பான். கோயில் வீதியிற் புகைப்போரை ஊர் பொறுப்பதில்லை. ஆயின் இம்மரியாதை ஒருவழிப்பட்டது. பெரியவர் புகைக்கும்போது சிறுவன் 'வேண்டாம் ஐயா' எனச் சொல்ல வழியில்லை; மனைவி சொல்லத் தயங்குவாள்; தேநீர்க்கடைச் சிப்பந்தி சொன்னால் வேலை போகும். நம் நாட்டிற் பெண்களுட் புகைப்போர் மிகச் சிலரே. எனினும் அவர் சுவாசிக்கும் புகை அத்துணைக் குறைவானதன்று. சொல்ல இயலாத இவர் சார்பிற் சொல்வதே சட்டத்தின் வேலை. மூத்தோர்க்கு மட்டும் உரியதாயிருந்த மரியாதையை, மூச்செடுக்கும் எவர்க்கும் உரியதாக அது விரிக்கின்றது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடைகூறலாம். சட்டமும் மனமும் ஒன்றையொன்று தள்ளிச் செல்லும் இரு சக்கரங்கள் போன்றன. மருத்துவ அறிவு பரவி மனத்தை ஓரளவு உழுதிராவிட்டால் அயர்லாந்திற் சட்டம் வேர்கொண்டிராது. சட்டம் வந்திராவிட்டால் மதுச்சாலையில் முழுத்தடையை வேண்டிய 13 பேர் 46 பேராகியிரார். பெரும்பான்மை முழுவதும் இசையும்வரை காத்திருத்தலும் வேண்டா. காரணத்தை மக்களுக்கு விளக்காது கட்டளையிடுதலும் ஆகாது. காரணம் தெளிவாயும், விதி எல்லோருக்கும் பொதுவாயும், எல்லை வரையறுக்கப்பட்டதாயும் இருப்பின், எதிர்த்தவரே நாளடைவில் அதன் காவலராவர்.

நம் நாட்டிற் சட்டம் ஏட்டில் உள்ளது. அதனைப் பேரூந்து நிலையத்திலும், தேநீர்க்கடையிலும், திருமண மண்டபத்தின் பின்னறையிலும் வழக்கமாக்குதல் நம் கையிலுள்ளது. கற்றோரும் கற்கும் மாணவரும் முதலில் வாய்திறந்து பணிவோடு சொல்லத் தொடங்குவாராயின், சொல்ல அஞ்சியிருக்கும் பலருக்கும் அதுவே துணையாகும்.